ஒரு சோறு பதமாகுமா?

அமெரிக்க உதைபந்தாட்ட அணி ஒன்று தன் பயிற்றுநர் இருவரை எடைபோட்ட வரலாறு

பானையிலே அரிசி வெந்துவிட்டதா என்று அறிய ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாற் போதும். ஒரே நீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வெந்தவை ஆதலால் ஒன்றைக் கண்டு மற்றவற்றையும் அறிந்துகொள்ளலாம். ஆனால், மனிதரின் திறமையை அறிவதற்கும் இந்த அளவுகோல் பொருந்துமா? புதிதாக வந்த ஆசிரியரையோ, புதிதாகப் பொறுப்பேற்ற அதிகாரியையோ, புதிதாக அமர்த்தப்பட்ட விளையாட்டுப் பயிற்றுநரையோ பற்றிச் சில திங்கள் கழிவதற்குள்ளேயே, "இவர் தேறமாட்டார்" என்றோ, "இவரைப் போல் ஒருவர் இல்லை" என்றோ தீர்ப்புக் கூறிவிடுகின்றோம்.

இத்தகைய தீர்ப்புகள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பதை, அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து உதைபந்தாட்ட அணியின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. பால்கன்ஸ், அதாவது வல்லூறுகள், என்பது அவ்வணியின் பெயர். 2015 முதல் 2018 வரையான நான்கு ஆண்டுகளில் அவ்வணியின் தாக்குதற் பயிற்றுநர்களாக இருவர், ஒருவர் பின் ஒருவராக, பணியாற்றினர். இருவருமே முதலாண்டில் தூற்றப்பட்டனர். இருவருமே இரண்டாம் ஆண்டில் முன்னேற்றம் காட்டினர். ஆயினும், ஒருவர் பதவி உயர்வு பெற்றுச் சென்றார். மற்றவர் வேலை இழந்து சென்றார். இவ்விருவர் கதையையும் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

ஆட்டமும் பயிற்றுநரும்

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைப்பது, நம் பாடசாலைப் பிள்ளைகள் உருண்டைப் பந்தை உதைத்து ஆடும் ஆட்டம் அன்று. றகர் ஆட்டத்தின் வழித்தோன்றலாகும். பந்து முட்டை வடிவானது. பக்கத்துக்கு 11 பேர் களத்தில் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள் உண்டு. அந்த நான்கினுள் 10 யார் தூரம் முன்னேறிவிட்டால் மீண்டும் 4 வாய்ப்புகள் கிட்டும். எல்லைக் கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கிடையே உதைத்துப் பெறும் ஒன்றையும் சேர்த்துப் பெரும்பாலும் 7 ஆகும். கோட்டைக் கடப்பது அரிதெனக் கண்டால், நின்ற இடத்திலிருந்தே கம்பங்களுக்கிடையே உதைத்து 3 புள்ளிகளுடன் அமைதி கொள்ளலாம்.

இவ்வாட்டத்தின் தனித்தன்மை யாதெனில், ஓரணியிலேயே தாக்குவோர் வேறு, தடுப்போர் வேறு என்பதாகும். பந்து கைமாறியதும் ஒரு கூட்டம் வெளியேற, மறு கூட்டம் உட்புகும். தலைமைப் பயிற்றுநர் ஒருவரின் கீழ், தாக்குவோருக்கு ஒரு பயிற்றுநரும் தடுப்போருக்கு ஒரு பயிற்றுநரும் இருப்பர்.

ஒவ்வொரு வாய்ப்புக்கும் முன்னர் ஆட்டம் நின்று தொடங்குகின்றது. அடுத்துப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, எறிவதா, எப்பக்கம் செல்வது, யார் யாரை மறிப்பது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் பெரும்பாலும் தாக்குதற் பயிற்றுநரே. அவருடைய கட்டளை வானொலிக் கருவி மூலம், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பாக் என்னும் வீரரின் தலைக்கவசத்துக்குள்ளே கேட்கும். ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 60 தடவைகள் இவ்வாறு கட்டளை பிறக்கின்றது. சதுரங்கம் ஆடுபவரின் நிலை போன்றதே அவர் நிலை. ஆனால், அவருடைய காய்கள் உயிருள்ளவை. ஓடும்போது வழுக்கி விழுவன, கைக்கு வந்த பந்தைத் தவறவிடுவன, நோய்ப்பட்டுப் படுப்பன. வெற்றியில் எவ்வளவு அவருடையது, தோல்வியில் எவ்வளவு அவருடையது என்று பிரித்தறிவது எளிதன்று என்பதற்கு இதுவே காரணம்.

முதலாண்டின் தூற்றல்

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பால்கன்ஸ் அணிக்கு டான் குவின் தலைமைப் பயிற்றுநரானார். தாக்குதற் பொறுப்பைக் கைல் ஷனஹான் ஏற்றார். புகழ்பெற்ற பயிற்றுநர் மைக் ஷனஹானின் மைந்தர் அவர். ஹியூஸ்டன், வாஷிங்டன், கிளீவ்லாந்து ஆகிய அணிகளில் அதே பதவியை முன்னரே வகித்தவர். குவாட்டர்பாக்காக மாட் ரயன் என்னும் அனுபவசாலி இருந்தார். பந்தைப் பிடிப்பதில் இணையற்றவர் எனப் பெயர் பெற்ற ஜூலியோ ஜோன்ஸும் இருந்தார்.

அந்த ஆண்டின் முதல் 5 ஆட்டங்களிலும் அணி வென்றது. அவற்றில் மொத்தம் 162 புள்ளிகள் குவிந்தன. புதியவரைப் புகழாதார் இல்லை. ஆனால், எஞ்சிய 11 ஆட்டங்களில் வந்தவை 177 புள்ளிகளே. இடையில் 6 ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வி. அவற்றுள் ஒன்றில், கரோலினா அணியிடம் 38க்கு 0 என்ற படுதோல்வி. ஆண்டு முடிவில் 8 வெற்றி, 8 தோல்வி. முந்திய 2014இல் 381 புள்ளிகள் பெற்ற அணி, புதியவர் வந்தபின் 339 புள்ளிகளே பெற்றது. மாட் ரயன் எறிந்த பந்துகளில் 16 எதிரணியின் கைக்குச் சென்றன. பருவத் தொடக்கத்தில் வானளாவப் புகழ்ந்த வாய்களே இப்போது அவரை வீட்டுக்கு அனுப்பவேண்டுமென்று கூறின.

அந்தப் புகழும் இந்தப் பழியும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை. புள்ளிப் பலகையில் உள்ள எண்கள் யாவும் தாக்குதற் பயிற்றுநரின் கணக்கில் எழுதத்தக்கவை அல்ல. ஹியூஸ்டன் அணியை 48க்கு 21 என வென்ற ஆட்டத்தில், இரண்டு தடவைகள் பந்தைக் கைப்பற்றி எல்லை கடந்தவர்கள் தடுப்பு வீரர்கள். வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தை மேலதிக நேரத்தில் முடித்துவைத்ததும், எதிரியின் எறியை இடைமறித்து ஓடிய ஒரு தடுப்பு வீரரே. ஆகவே, தொடக்கத்திற் கிடைத்த புகழில் ஒரு பகுதி ஷனஹானுக்கு உரியதன்று.

அதுபோலவே, பிற்பகுதியிற் கிடைத்த பழியும் முழுவதும் அவருக்கு உரியதன்று. அவ்வாண்டில் அணி முன்னேறிய தூரத்தைக் கூட்டிப் பார்த்தால், 32 அணிகளுள் முதற் பத்தினுள் அது இடம்பெற்றிருந்தது. புள்ளிகளிலோ 20 இடங்களுக்கும் கீழே நின்றது. அஃதாவது, அவர் வகுத்த வழியில் அணி களத்தின் பெரும் பகுதியைக் கடந்துகொண்டுதான் இருந்தது, வாசற்படியில் இடறியது. முற்றிலும் தவறான வழியிற் செல்பவனுக்கும், சரியான வழியிற் சென்று வாசலில் இடறுபவனுக்கும் வேறுபாடு உண்டல்லவா? பலகையை மட்டும் பார்ப்பவருக்கு அவ்வேறுபாடு தெரிவதில்லை.

அணியின் நிருவாகிகள் ஆரவாரத்துக்குச் செவிசாய்க்கவில்லை. ஷனஹானை இன்னோர் ஆண்டு வைத்திருக்க முடிவு செய்தனர்.

இரண்டாம் ஆண்டின் விளைச்சல்

2016இல் அதே அணி, அதே தலைமைப் பயிற்றுநர், அதே தாக்குதற் பயிற்றுநர், அதே குவாட்டர்பாக். ஆயினும் 16 ஆட்டங்களில் 540 புள்ளிகள்! அவ்வாண்டில் வேறெந்த அணியும் அத்தனை பெறவில்லை. முதலாண்டைவிட 201 புள்ளிகள் அதிகம். மாட் ரயன் பறிகொடுத்த எறிகள் 16இலிருந்து 7ஆகக் குறைந்தன. எல்லை கடந்த எறிகள் 21இலிருந்து 38ஆக உயர்ந்தன. அவ்வாண்டின் தலைசிறந்த வீரருக்கான விருது அவருக்குக் கிடைத்தது.

இந்த மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது? முதற் காரணம் பழக்கம். ஷனஹானின் முறையில் மறிப்பு வீரர்கள் ஐவரும் ஒரே வரிசையாகப் பக்கவாட்டில் நகர்வர். பந்தைத் தூக்கி ஓடுபவர் அந்த வரிசையில் எங்கே இடைவெளி திறக்கின்றதோ அங்கே புகுவார். பின்னர், அதே நகர்வைக் காட்டி எதிரியை ஏமாற்றி, ஓடுபவரிடம் கொடுப்பதுபோற் பாசாங்கு செய்து, பந்தைத் தூர எறிவர். ஓட்டமும் எறியும் ஒன்றுபோலத் தோன்றினாலன்றி இந்தச் சூழ்ச்சி பலிக்காது. அதற்கு ஐவரும் ஒருடலாக அசையவேண்டும். அது ஒரு பருவத்திற் கைவரும் வித்தையன்று.

இரண்டாவது காரணம் ஆட்சேர்ப்பு. 2016இல் அலெக்ஸ் மாக் என்னும் மைய வீரரை அணி சேர்த்துக்கொண்டது. கிளீவ்லாந்தில் ஷனஹானின் கீழ் ஆடி அவருடைய முறையை முன்னரே அறிந்திருந்தவர் அவர். அந்த ஆண்டின் 16 ஆட்டங்களிலும் மறிப்பு வரிசையின் ஐவரும் மாறாமலே ஆட்டத்தைத் தொடங்கினர். காயங்கள் மலிந்த இவ்விளையாட்டில் இஃது அரிய பேறு. இதைப் பயிற்றுநரின் திறமை என்பதா, அணியின் நல்லூழ் என்பதா?

மூன்றாவது காரணமே பயிற்றுநரின் கைவண்ணத்தைத் தெளிவாகக் காட்டுவது. 2015இல் ஜூலியோ ஜோன்ஸ் 136 தடவைகள் பந்தைப் பிடித்தார். 2016இல் அவர் பிடித்தது 83 தடவைகளே. ஆனால், மாட் ரயனின் எறியைப் பிடித்து எல்லை கடந்தோர் தொகை அவ்வாண்டில் 13 பேர். அதுவரை எந்தக் குவாட்டர்பாக்கும் ஓராண்டில் அத்தனை பேருக்கு அவ்வாறு எறிந்ததில்லை. முதலாண்டில் ஒரு தோள் சுமந்த பாரத்தை இரண்டாம் ஆண்டிற் பல தோள்கள் பகிர்ந்துகொண்டன. எதிரிகள் எவரைக் காப்பது என்று திகைத்தனர். வகுப்பிலே ஒரு கெட்டிக்கார மாணவனை மாத்திரம் எழுப்பி விடை கேட்பவரிலும் பார்க்க, கடைசி வாங்கில் இருப்பவனிடமிருந்தும் விடையை வருவிப்பவர் சிறந்த ஆசிரியர். ஷனஹான் அத்தகையவராயினார்.

இருபத்தைந்து புள்ளிகள் கரைந்த இரவு

அந்த ஆண்டின் முடிவில், சூப்பர் போல் எனப்படும் இறுதி ஆட்டம் 2017 பெப்ரவரி 5ஆந் திகதி ஹியூஸ்டன் நகரில் நடைபெற்றது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கு எதிராக, மூன்றாங் காற்பகுதியில் பால்கன்ஸ் 28க்கு 3 என முன்னணியில் நின்றது. கிண்ணம் கைக்கு வந்ததென்றே கருதினர். அதன்பின் நிகழ்ந்ததை அட்லாண்டா மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

நாலாங் காற்பகுதியில், ஆட்டம் முடிய ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தவேளை, பால்கன்ஸ் 28க்கு 20 என முன்னின்றது. ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக் கோட்டோரம் வியக்கத்தக்க முறையிற் பந்தைப் பிடித்தார். பந்து எதிரியின் 22ஆம் யார் கோட்டில் நின்றது. அங்கிருந்து கம்பங்களுக்கிடையே உதைத்திருந்தால் 31க்கு 20 ஆகியிருக்கும். எதிரி அதை எட்டுவதற்கு இரண்டு தடவைகள் புள்ளி பெறவேண்டியிருக்கும். முதலில் ஓர் ஓட்டம். அதில் ஒரு யார் தூரம் இழப்பு. அடுத்து எறிய முயன்றபோது மாட் ரயன் வீழ்த்தப்பட்டார்; மேலும் 12 யார் தூரம் பறிபோயிற்று. பின்னர் ஒரு குற்றத்துக்காக 10 யார் தூரம் பின்தள்ளப்பட்டனர். உதைக்கும் தூரம் கடந்துபோயிற்று. பேட்ரியட்ஸ் அணி சமன்செய்து, மேலதிக நேரத்தில் 34க்கு 28 என வென்றது.

ஷனஹான் அங்கே எறியச் சொன்னது தவறு என்பதே பலருடைய முடிவு. அது வன்மையான குற்றச்சாட்டு, தட்டிக்கழிக்க முடியாதது. வீரர்கள் செய்த பிழைக்கு அவர் பொறுப்பல்லர் என்று கூறலாம். ஆனால், எறிவதா ஓடுவதா என்ற தெரிவு அவருடையது. எனினும், கணக்கைச் சரியாக எழுதுவோம். அந்த 28 புள்ளிகளில் 7, தடுப்பு வீரர் ஒருவர் எதிரியின் எறியை இடைமறித்து 82 யார் ஓடிப் பெற்றுத் தந்தவை. அன்றிரவு பால்கன்ஸ் தாக்குதல் நடத்தியது 46 தடவைகள். எதிரணியோ 93 தடவைகள். தாக்குவோர் விரைவில் வெளியேற, தடுப்போர் ஓய்வின்றிக் களைத்தனர். ஆகவே, பழியில் ஷனஹானுக்குப் பங்கு உண்டு, முழுவதும் அவருடையதன்று. மேலும், 540 புள்ளிகளைக் குவித்ததும் அந்தத் துணிச்சலே, அன்றிரவு அணியை வீழ்த்தியதும் அந்தத் துணிச்சலே.

மறுநாளே சான் பிரான்சிஸ்கோ அணி அவரைத் தன் தலைமைப் பயிற்றுநராக அமர்த்திக்கொண்டது. ஓரிரவின் தவறுக்காக ஈராண்டின் வேலையை அவர்கள் தள்ளிவிடவில்லை.

அடுத்து வந்தவரின் துன்பம்

பேரெடுத்தவர் இருந்த ஆசனத்தில் அமர்வது போன்ற சங்கடம் வேறில்லை. ஷனஹானின் இடத்துக்கு வந்தவர் ஸ்டீவ் சார்கிசியன். அலபாமா பல்கலைக்கழக அணியிலிருந்து வந்த அவர், தொழில்முறை அணியொன்றில் அப்பதவியை அதற்குமுன் வகித்ததில்லை. 2017இல் பால்கன்ஸ் பெற்றது 353 புள்ளிகள். முந்திய ஆண்டைவிட 187 குறைவு. "அதே வீரர்களை வைத்துக்கொண்டு இவ்வளவுதானா?" என்று எல்லாரும் கேட்டனர்.

அக்கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதுபோற் தோன்றும். ஆனால், எதனோடு எதனை ஒப்பிடுகின்றோம் என்பதைக் கவனிக்கவேண்டும். 540 என்பது அவ்வணியின் வழக்கமான விளைச்சலன்று. அது பொன் விளைந்த ஆண்டு. மழை பொய்க்காத ஆண்டின் நெல்லை அளவுகோலாக வைத்து அடுத்த ஆண்டு உழவனை ஏசுவது முறையா? ஷனஹானின் முதலாண்டோடு சார்கிசியனின் முதலாண்டை ஒப்பிட்டால், முன்னவர் 339, பின்னவர் 353. முன்னவர் ஆண்டில் 8 வெற்றிகள். பின்னவர் ஆண்டில் 10 வெற்றிகள். மாட் ரயன் பறிகொடுத்த 12 எறிகளுள்ளும் சில, தம் அணியினரின் கையிற் பட்டுத் தெறித்தவை. அவற்றை எந்தப் பயிற்றுநரின் ஏட்டில் எழுதுவது?

இவ்வளவும் சார்கிசியனுக்குச் சார்பானவை. அவருக்கு எதிரான, நேர்மையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. எல்லைக் கோட்டின் அருகே அவருடைய தெரிவுகள் தடுமாறின. 2017 ஒக்டோபரில் பேட்ரியட்ஸ் அணிக்கு எதிராக, ஒரு யார் தூரமே எஞ்சிய நிலையில், நேரே முட்டி நுழையாமல் பக்கவாட்டில் ஓடவிட்டார், ஓடியவர் பின்னடைந்தார். 2018 ஜனவரியில் பிலடெல்பியாவில் நடந்த வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில், 15க்கு 10 எனப் பின்தங்கிய வேளை, 9ஆம் யார் கோட்டிலிருந்து 4 வாய்ப்புகள் கிடைத்தன. நான்கிலும் எல்லை கடக்கவில்லை. கடைசி எறியின்போது ஜூலியோ ஜோன்ஸ் வழுக்கி விழுந்து எழுந்தார். பந்து அவர் கைகளினூடாக நழுவிற்று. அடுத்த பருவத்தின் முதலாட்டமும் அதே நகரில், அதே அணியுடன். அங்கும் 18க்கு 12 எனத் தோற்றனர். அங்கும் கடைசி எறி எல்லையருகே வீணாயிற்று. ஒரு முறை நேர்வது விபத்து எனலாம். திரும்பத் திரும்ப நேர்வதைப் பயிற்றுநரின் கணக்கில் எழுதுவது தவறன்று.

ஆனால், 2018இல் அவர் திருந்தினார் என்பதையும் சொல்லவேண்டும். புள்ளிகள் 353இலிருந்து 414ஆக உயர்ந்தன. மாட் ரயன் 35 எறிகளால் எல்லை கடக்கச் செய்தார். பறிகொடுத்தவை 7 மட்டுமே. ஆயினும் அணி 9 ஆட்டங்களில் தோற்றது. காரணம் என்ன? தடுப்பு வரிசையின் தூண்களான மூவர் பருவத் தொடக்கத்திலேயே காயமுற்றனர். செப்ரெம்பர் மாதத்தில் அடுத்தடுத்த ஞாயிறுகளில், தம் சொந்தக் களத்தில், ஓர் ஆட்டத்தில் 37 புள்ளிகளும் மறு ஆட்டத்தில் 36 புள்ளிகளும் பெற்றும் தோற்றனர். நியூ ஓர்லியன்ஸ் 43 பெற்றது. சின்சினாற்றி 37 பெற்றது. ஆண்டு முடிவில் சார்கிசியனும், தடுப்புப் பயிற்றுநரும், உதைப் பகுதிப் பயிற்றுநரும் ஒரே நாளிற் பதவி நீக்கப்பட்டனர். தாக்குதற் பகுதி முன்னேறிய ஆண்டிலேயே அதன் பயிற்றுநர் வேலை இழந்தார்.

அவருக்குப் பின் 2019இல் அணி பெற்றது 381 புள்ளிகள். அஃதாவது, 33 குறைவு. சார்கிசியனோ அலபாமாவுக்கு மீண்டார். 2020ஆம் பருவத்தில் அவர் நடத்திய தாக்குதற் பகுதியுடன் அப்பல்கலைக்கழக அணி, ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்று தேசியக் கிண்ணத்தைப் பெற்றது. ரெக்சாஸ் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்றுநராக அழைத்துக்கொண்டது.

எடைபோடும் விதம்

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிந்துகொள்ளத்தக்கவை சில உள. புதியவரை அவருக்கு முந்திய சிறந்த ஆண்டோடு ஒப்பிடாமல், அவர் கையேற்றபோது இருந்த நிலையோடு ஒப்பிடவேண்டும். பிறர் செய்த நன்மையையும் தீமையையும் அவருடைய ஏட்டிலிருந்து கழிக்கவேண்டும். விளைவைப் பார்க்கும்போதே தெரிவையும் பார்க்கவேண்டும். நல்ல தெரிவு சிலவேளை தோற்கும், கெட்ட தெரிவு சிலவேளை வெல்லும். பிழை நேர்ந்ததா என்பதைவிட, அதே பிழை மீண்டும் நேர்ந்ததா என்பதே முக்கியம். யாவற்றுக்கும் மேலாக, அவரிடம் வந்தபின் சாதாரண வீரர்கள் முன்னிலும் நன்றாக ஆடுகின்றார்களா என்று நோக்கவேண்டும். பயிற்றுவித்தல் என்ற சொல்லுக்குப் பொருளே அதுவன்றோ?

இப்படியெல்லாம் ஆராய்ந்துகொண்டே இருந்தால் தீர்ப்புக் கூறும் நாள் என்றுதான் வரும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொறுமை என்ற பெயரால் திறமையற்றவரை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதும் அணிக்குச் செய்யும் அநீதியே. ஆனால், 2015இன் முடிவில் ஆரவாரத்துக்குப் பணிந்திருந்தால் அட்லாண்டா மக்கள் 2016ஐக் கண்டிருக்கமாட்டார்கள். முதலாண்டு முடிவில், வழி சரியா என்று பார்க்கலாம்; இரண்டாம் ஆண்டு முடிவில், வாசலைத் தாண்டினாரா என்று கேட்கலாம். அதற்கு முன்னர் கேட்பது அவசரம். அதற்குப் பின்னரும் கேளாதிருப்பது சோம்பல்.

மாணவர்களும் பெற்றோரும் இதைத் தம் வாழ்வோடு பொருத்திப் பார்க்கலாம். முதற் தவணைப் பரீட்சையில் வந்த புள்ளியை மட்டும் கண்டு, பிள்ளையையோ ஆசிரியரையோ எடைபோடுவோர் நம்மிடையே பலர். புள்ளி வேண்டாமென்பதில்லை, அதனைப் பாருங்கள். பார்த்தபின், விடைத்தாளையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். வழி தெரியாமல் விட்ட கணக்கு எது, வழி தெரிந்தும் கடைசி வரியில் இடறிய கணக்கு எது என்பது அங்கே தெரியும். சோற்றின் பதத்தை ஒரு சோறு சொல்லிவிடும். மனிதரின் பதத்தை அறிய, அடுப்பின் அருகே சற்று நேரம் இருந்துதான் ஆகவேண்டும்.